மதினியின் தலையணை

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு தலையணையை அரிவாளால் கீறினார்கள். கிடா வெட்டுக்குக்கூட அம்புட்டுக் கூட்டம் வந்திருக்காது.

குஜிலியம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். அம்மாவின் காலில் கருவேல முள் குத்திய இடம் புண்ணாகி ஆறாமல் கிடந்தது. சோளக்காட்டில் வேலை செய்கிறவளுக்கு முள் குத்துவது புதிதல்ல. இந்தப் புண் மட்டும் நாளுக்கு நாள் அகன்றது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிக் கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவன்தான். ரேஷன் கார்டிலிருந்து பட்டா வரை எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் நீட்டுவார்கள். "சர்க்கரையா இருக்கும்மா, ரத்தம் பாத்துருவோம்" என்று நான் சொன்னபோது மட்டும் என் படிப்பு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

"எனக்கென்னடா சர்க்கர? உக்காந்து திங்கிறவளா நானு?" என்றாள் அம்மா. "இது வேற. செய்வினப் புண்ணுக்கு ஊசி போட்டா உள்ள எறங்கிரும்."

அம்மாவின் தங்கை, என் சித்தி, அடுத்த தெருவில் இருக்கிறாள். அவள்தான் குறி சொல்லும் கோடாங்கியைக் கூட்டி வந்தாள். அவர் செத்த நேரம் உடுக்கை அடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "வெளியிலருந்து வந்த சாமான்ல இருக்கு. மெத்துனு இருக்கிற சாமான்."

எல்லோரும் மதினியை, என் அண்ணன் பெண்டாட்டியை, பார்த்தார்கள். வெளியிலிருந்து வந்தவள் அவள்தானே. திண்டுக்கல் டவுன்காரி, வேதக்கார வீட்டு, அதாவது கிறிஸ்தவ வீட்டுப் பெண். நூல் மில்லில் அண்ணனோடு பழக்கமாகி, ரெண்டு வீட்டிலும் சண்டை போட்டு, ஒருவழியாக எங்கள் வீட்டுக்கு வந்தவள். அவள் கொண்டுவந்ததில் மெத்தென்று இருந்தது அந்த இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றுதான். இதைக் கண்டுபிடிக்க உடுக்கை எதற்கு? வரும் வழியிலேயே சித்தி சொல்லியிருப்பாள். அம்மாவின் காலை உயரமாக வைக்கச் சொல்லி, தான் படுக்கும் அந்தத் தலையணையை மதினியே கொடுத்திருந்தாள். அதுவும் அவளுக்கு எதிராகப் போயிற்று.

சித்தி அரிவாளை வைத்துக் கீறினாள். பஞ்சு முற்றமெல்லாம் பறந்தது. மூலையில் ஒரு துணி முடிச்சு. பிரித்தால் காசு அளவில் ஒரு சின்னத் தகடு, ஒரு பக்கம் பெண் உருவம். கோடாங்கியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இப்படி ஒன்று நிஜமாகவே கிடைக்கும் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார். மறுபக்கத்தைத் திருப்பியதும் அவருக்குக் குரல் ஏறிவிட்டது.

"நல்லா பாருங்க. ரெண்டு நெஞ்சு. ஒண்ணுல கத்தி குத்தியிருக்கு. ஒண்ணச் சுத்தி முள்ளு. முள்ளு குத்தித்தானம்மா ஒனக்குப் புண்ணு?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஐயா, அது மாதா சுரூபம்" என்று கத்தினேன். "அது ஏசு நெஞ்சும் மாதா நெஞ்சும். வேதக்காரங்க கழுத்துல போடுறது. கோயில் வாசல்ல விக்கிறாங்க."

"கழுத்துல போடுறத எதுக்குத் தம்பி தலகாணிக்குள்ள வச்சுத் தைக்கணும்?"

நான் மதினியைத் திரும்பிப் பார்த்தேன். "சத்தியமா எனக்குத் தெரியாது அத்தை" என்றாள்.

"தெரியாமத்தான் பாசமா காலுக்கு அண்டக் குடுத்தியாக்கும்?" என்றாள் சித்தி. வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் சிரித்தார்கள்.

அண்ணன் வாசற்படியில் நின்றுகொண்டு கைபேசியைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வாயத் தொறந்து சொல்லுண்ணே" என்றேன். "செத்த பொறுடா, பெரியவங்க பேசுறாங்கள்ல" என்றான். காதலிக்கும்போது எந்தப் பெரியவரைக் கேட்டானோ!

கோடாங்கி பஞ்சுக்குள் விட்டெறிந்த சுரூபத்தை மதினி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். "மருமகளா இருன்னா இருக்கலாம் தம்பி. சூனியக்காரியா எப்படி இருக்கிறது?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் பஸ்ஸுக்குப் போனாள். ஒருவரும் தடுக்கவில்லை. நான் பஸ் நிறுத்தம் வரை பின்னாலேயே போனேன். கூப்பிட எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

மறுநாள் அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன். "நான்தான் தம்பி வச்சுத் தைச்சேன்" என்று அழுதார் அந்த அம்மா. "உங்க பக்கம் சோத்துல மருந்து வைப்பாக, மை வைப்பாகன்னு சொன்னாங்க. பிள்ளைக்கு ஒரு காவலா இருக்கட்டும்னு வச்சேன்."

"அத உங்க மககிட்டயாவது சொல்லியிருக்கலாம்லம்மா?"

"சொன்னாப் பலிக்காதுன்னாங்களே."

போனைத் தரையில் அடிக்கலாம் போல இருந்தது. அங்கே ஒரு தாய் எங்களுக்குப் பயந்து தைக்கிறாள். இங்கே ஒரு தாய் அவர்களுக்குப் பயந்து கீறுகிறாள். நடுவில் அறுபட்டது யார்? இதை வந்து எங்கள் வீட்டில் சொன்னபோது, "பாத்தியா, அவுக வச்சதுதான்னு அவுகளே ஒத்துக்கிட்டாக" என்றாள் சித்தி.

அந்த வாரமே அம்மா காய்ச்சலில் மயங்கி விழுந்தாள். "தகடு வெளியேறுனா அப்படித்தான் ஒரு உலுக்கு உலுக்கும்" என்று சித்தி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். நான் யாரையும் கேட்கவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். சர்க்கரைதான். கண்டபடி ஏறியிருந்தது. "படிச்ச பையன்தானே நீ, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா காலையே எடுத்திருக்கணும்" என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். இன்சுலின் போட்டார்கள், புண்ணைச் சுத்தம் செய்து கட்டினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் புண் காய்ந்தது. அம்மா காட்டுக்குப் போக ஆரம்பித்தாள்.

இதுதான் சமயம் என்று, "மதினியக் கூட்டிட்டு வரட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"என்ன அப்பு பேசுற? அவ போனா, புண்ணு ஆறிருச்சு. கண்ணால பாத்துட்டேன்ல."

"ஊசியிலதான்மா ஆறுச்சு."

"ஊசி ஒடம்புக்குக் கேட்டதே தகட எடுத்ததுக்கு அப்பறந்தான?"

அவளுக்குத் தினமும் ஊசி போட்டுவிடுவது நான்தான். அதை நிறுத்தினால் புண் திரும்ப வரும். மதினி மேல் குற்றமில்லை என்று ஊரே பார்க்கும். வேறு எந்தச் சாட்சியும் இவர்களுக்குப் புரியாது. ஆத்திரத்தில் அப்படியும் நினைத்திருக்கிறேன். நினைத்துக்கொண்டே ஊசியில் மருந்தை ஏற்றியிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதினியே போன் செய்தாள். "அத்தைக்குக் கால் எப்படி இருக்கு தம்பி?"

"ஆறிருச்சு மதினி. நல்லா நடக்குறாங்க."

"அப்ப இனி என்னைய வரச் சொல்ல மாட்டாங்கள்ல" என்றாள்.

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போனை அவன் பக்கம் நீட்டினேன். கை எச்சில் என்று காட்டிவிட்டு, அடுத்த உருண்டையை உருட்டினான்.