லேஅவுட்டில் ஓட்டிய விமானம்

1. எரியாத விளக்கு

விமானத்தின் சக்கரங்கள் கீழே இறங்கிப் பூட்டிக்கொண்டால் விமானியின் முன்னால் மூன்று பச்சை விளக்குகள் எரியும். சக்கரத்துக்கு ஒன்று. தரையிறங்கப் போகிறவன் அவற்றைப் பார்த்துவிட்டு, ரேடியோவில் கட்டுப்பாட்டு டவருக்கு 'ஃபைனல்ஸ், த்ரீ கிரீன்ஸ்' என்று சொல்ல வேண்டும். கடைசி நேர்ப்பாதைக்கு வந்துவிட்டேன், மூன்றும் பச்சை என்று அர்த்தம். அன்று காலை என் விமானத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை. சக்கரங்கள் வயிற்றுக்குள் மடங்கிப் பத்திரமாக இருந்தன. நான் தெளிவான உச்சரிப்பில், கொஞ்சம் பெருமையாகவே, 'ஃபைனல்ஸ், த்ரீ கிரீன்ஸ்' என்றேன்.

பின்சீட்டில் இருந்த இன்ஸ்ட்ரக்டர் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்கி விமானத்தை மேலே ஏற்றினார். சுற்றி வந்து அவரே இறக்கினார்.

எங்கள் கோர்ஸிலேயே வருவதற்கு முன்பே அதிகம் படித்துவிட்டு வந்தவன் நான்தான். ராணுவ விமானப் பயிற்சிக்குப் போகும் முன் படிக்கலாமா, வேண்டாமா என்று இப்போது பிள்ளைகள் என்னைக் கேட்கிறார்கள். நான் படித்த லட்சணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2. மனை எண் பதினான்கு

தேர்வானதற்கும் பயிற்சியில் சேர்வதற்கும் இடையில் எனக்கு ஏழு மாதம் கிடைத்தது. அச்சரப்பாக்கம் எங்கள் ஊர். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். எங்கள் குடும்பத்தில் விமானத்துக்குள் ஏறியவர்களே கிடையாது, ஓட்டுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மாமா சும்மா இருக்காமல் ஜிஎஸ்டி ரோட்டு பஸ் ஸ்டாப்பில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார். என் பாஸ்போர்ட் போட்டோ, பக்கத்தில் எந்த நாட்டுடையது என்றே தெரியாத ஒரு போர் விமானம். அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஒரே யோசனை. தேறாமல் திரும்பி வந்தால் அந்த பஸ் ஸ்டாப்பில்தான் இறங்க வேண்டும்.

அந்தப் பயத்தில் படித்தேன். இணையத்தில் கிடைத்ததையெல்லாம் எந்த விமானத்துக்கானது என்றுகூடப் பார்க்காமல் பிரிண்ட் எடுத்தேன். எதை எப்போது சரிபார்க்க வேண்டும் என்ற பட்டியல்களைச் சாப்பிடும்போதும் முணுமுணுத்தேன். பிறகு செய்முறைப் பயிற்சி வேண்டும் என்று தோன்றியது.

ஊருக்கு வெளியே புதிதாக ஒரு லேஅவுட் போட்டிருந்தார்கள். முப்பதடி தார் ரோடு, மனைக்கு மனை எண் கல், ஓரமெல்லாம் கலர் கலராகக் கொடி. வீடு மட்டும் ஒன்றுகூட இல்லை. எனக்கு அதுதான் விமான நிலையம். நடு ரோடு ஓடுபாதை. கொடிகள் காற்றின் திசையைக் காட்டும். ஓடுபாதையிலிருந்து கிளம்பி நான்கு முறை திரும்பி மறுபடி ஓடுபாதைக்கே வருவதற்குப் பெயர் சர்க்யூட். லேஅவுட்டின் வலது பக்கம் யாருடைய வேர்க்கடலைக் காட்டுக்கோ முள்வேலி போட்டிருந்ததால் என் சர்க்யூட் எல்லாமே இடது பக்கம்தான்.

விமானம் அப்பாவின் மொபெட். பின்னால் உட்கார்ந்து டவர் வேலை பார்த்தவன் அருள், என் மாமா மகன். கையில் தண்ணீர் பாட்டில், அதுதான் மைக். பதினான்காம் எண் கல் வந்ததும் நான் 'ஃபைனல்ஸ், த்ரீ கிரீன்ஸ்' என்று கத்துவேன்.

மூன்றாம் நாள் அருள் கேட்டான்.

"இன்னாடா மச்சான், டெய்லி பச்ச பச்சன்னு கத்திகினு கீற. எந்தப் பச்ச?"

"வெளக்குடா. சக்கரம் எறங்கிடுச்சின்னு காட்டும்."

"எங்க கீது வெளக்கு?"

"இங்க இல்லடா. சும்மா சொல்லணும். சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகணும்."

"பாக்காமயே சொல்லுவியா?"

"டவரு கேள்வி கேக்கக் கூடாது, நீ லேண்டிங் க்ளியர் மட்டும் சொல்லு."

அவன் பாட்டிலைத் தூக்கி "க்ளியர்" என்றான்.

ஆறு மாதம் இப்படி. லேஅவுட் காவல்காரர் எங்களை மனை வாங்க வந்தவர்கள் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தார். ஒருநாள் வண்டியை மறித்துவிட்டார். "இன்னா தம்பி, இந்தக் கார்னர் மனையவே சுத்தி சுத்தி வர்ற. புடிச்சிருக்கா இல்லியா, ஒண்ணு சொல்லு."

3. மாமியார் வீடு

பயிற்சியில் முதல் சில வாரம் நான்தான் ஹீரோ. மற்றவர்கள் பட்டியலை மனப்பாடம் செய்ய முடியாமல் திணறியபோது நான் கடகடவென்று ஒப்பித்தேன். சந்தேகம் கேட்டு என் அறைக்கு வந்தார்கள். தெரிந்ததற்கும் பதில் சொன்னேன், தெரியாததற்கும் பதில் சொன்னேன். எனக்குப் புரியாததைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை. எல்லாம் படித்தவன் என்று பெயர் வாங்கியாகிவிட்டதே.

ஒருநாள் காற்று மாறியது. ஓடுபாதையின் மறுமுனையிலிருந்து கிளம்பி வலது பக்கம் சர்க்யூட் போக வேண்டும் என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். நானும் தலையாட்டினேன். மேலே ஏறியதும் என் கை இடது பக்கம் திருப்பியது.

என் இன்ஸ்ட்ரக்டர் வடக்கத்திக்காரர், பேசியது ஆங்கிலம். ஆனால் எங்கள் ஊர்ப் பேச்சில் போட்டால்தான் அதன் சூடு சரியாக வரும். "இன்னாய்யா, எல்லாரும் அந்தாண்ட போய்கினு கீறாங்க, நீ மட்டும் இந்தாண்ட எங்க போற? உன் மாமியார் வூடு கீதா அங்க?"

புத்தியுள்ளவன் அன்றே யோசித்திருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வலது பக்கத்தைப் படிக்காமல் வந்தது தப்பாகிவிட்டது என்று நினைத்தேன். அன்று மாலையே விடுதி வராந்தாவில் ஒரு வாளியை விமானமாகப் பிடித்துக்கொண்டு வலது வலதாகத் திரும்பிப் பழகினேன். 'த்ரீ கிரீன்ஸ்' சொல்லவும் மறக்கவில்லை.

அடுத்த வாரம்தான் முதலில் சொன்ன அந்தக் காலை. சக்கரத்தை இறக்க வேண்டிய நேரத்தில் டவர் குறுக்கே பேசியது. முன்னால் இன்னொரு விமானம் இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பு என்றார்கள். பதில் சொன்னேன், தள்ளிப் போனேன், விட்ட வேலையை மறந்தேன். திரும்பியதும் ஓடுபாதை நேராக வந்தது. பதினான்காம் எண் கல் வந்துவிட்டது என்று வாய் முடிவு செய்துவிட்டது.

கீழே இறங்கியதும் அவர் கேட்டார்: "எத்தினி பச்ச?"

"மூணு சார்."

"பாத்தியா?"

"இல்ல சார்."

"ஒண்ணு கூட எரியல. நான் வாய மூடிகினு இருந்தா இந்நேரம் ரெண்டு பேரும் வயித்தால ரன்வேல தேய்ச்சிகினு போயிருப்போம். உன் வாய் வேற, கண்ணு வேற ஆளா?"

ரிவ்யூ போட்டுவிட்டார்கள். ஒரு சீனியர் என்னோடு ஒரு முறை பறப்பார். அவர் சரியில்லை என்று எழுதினால் பறக்கும் பயிற்சி அத்தோடு முடிந்தது. அப்பாவுக்குப் போன் செய்து, எதையும் சொல்லாமல், அந்த ஃப்ளெக்ஸ் இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். "காத்துல கிழிஞ்சிச்சிப்பா. மாமா புச்சா கட்டிட்டாரு, இன்னும் பெருசா" என்றார்.

4. தலை எண்ணுகிறவன்

அருளிடம்தான் உண்மையைச் சொன்னேன். அப்போது அவன் செங்கல்பட்டில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். முதலில் வயிறு வலிக்கச் சிரித்தான். பிறகு, "அன்னிக்கே கேட்டனே மச்சான், பாக்காமயே சொல்லுவியான்னு. டவரு கேள்வி கேக்கக் கூடாதுன்ட்ட" என்றான்.

"இப்ப இன்னாடா பண்றது?"

"வெரல வெச்சி எண்ணு. நான் தலைய எண்ணாம வண்டி எடுக்க மாட்டேன். ஒருநாளு ஒரு அக்காவ வுட்டுட்டு கெளம்பி, அது போன்ல வுட்ட டோஸு இன்னும் காதுல கீது. எண்ணிட்டு அப்பால வாயத் தொற. லேட்டானா ஆவட்டும்."

ஏழு மாதம் பிரிண்ட் எடுத்துப் படித்தவனுக்கு வேன் டிரைவர் சொன்னதுதான் மிஞ்சியது. ரிவ்யூ அன்று ஓடுபாதை நேரே வந்ததும் வாய் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கையுறை விரலால் ஒவ்வொரு விளக்கையும் தொட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகுதான் சொன்னேன்.

"லேட்டா சொல்ற" என்றார் சீனியர்.

"எண்ணினேன் சார்."

இறங்கியதும் அவர், நான் தேறிவிட்டேன் என்று எழுதிவிட்டார்.

சில நாள் கழித்து என் இன்ஸ்ட்ரக்டர், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கினார். காலியான பின்சீட்டின் பெல்ட்டுகளை இறுக்கிக் கட்டினார். என் தோளைத் தட்டி, மூன்று விரலைக் காட்டிவிட்டு நடந்தார். முதல் சோலோ, தனியாக ஓட்டும் முதல் தடவை. அன்று விளக்குகளை இரண்டு முறை எண்ணினேன். இறங்கி வந்து நின்றதும் அழுதுவிட்டேன். ஹெல்மெட் கண்ணாடி போட்டிருந்ததால் யாரும் பார்க்கவில்லை என்றுதான் இதுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

5. கடற்கரையில் ஒரு கேள்வி

இப்போது நானும் இன்ஸ்ட்ரக்டர். போன மாதம் லீவில் மாமல்லபுரம் போயிருந்தேன். அருள் அங்கே சொந்தமாக டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். சதுரங்கப்பட்டினத்துப் பெண் ஒருத்தியை என்னிடம் கூட்டி வந்தான். பெயர் கலைவாணி. விமானப்படைக்குத் தேர்வாகிவிட்டாள், சேர நான்கு மாதம் இருக்கிறது. தோளில் ஒரு பை நிறைய ஜெராக்ஸ். அதைப் பார்த்ததுமே எனக்கு என் பழைய பிரிண்ட் கட்டு ஞாபகம் வந்தது.

"சார், முன்னாடியே படிக்கலாமா, வேணாமா?"

கடற்கரையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினேன். ஓடு, நீச்சல் பழகு, ராத்திரி ஒழுங்காகத் தூங்கு. விமானம் எப்படிப் பறக்கிறது என்று அடிப்படையைப் படி, ஆனால் கைக்கும் வாய்க்கும் நீயாக எதையும் பழக்காதே. பழகியதை மறப்பது புதிதாகப் பழகுவதைவிடக் கஷ்டம். பேசப் பேச என் பேச்சு எனக்கே பிடித்துப்போனது.

அருள் சுண்டல் தின்றபடி அவள் பையிலிருந்த தாள் ஒன்றை உருவிப் பார்த்தான். "ஏம்மா, இங்க த்ரீ கிரீன்ஸுன்னு போட்டுக்கீதே, எந்தப் பச்ச அது?"

"சக்கரம் எறங்கினா எரியுமாம்ணா. எங்க இருக்கும், எப்படி இருக்கும்னு தெரியாது. அங்க போய் கண்ணால பாத்தாதான் சொல்ல முடியும்."

அருள் என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன்.

"நீ படிம்மா" என்றேன். "எவ்ளோ வேணா படி."