பழைய சாஃப்ட்வேரின் மிச்சம்

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய வாரமே குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. அங்கே பல லாட்ஜுகள் வைத்திருந்த ஒருவரின் தென்காசி அலுவலகத்தில், எல்லாக் கம்ப்யூட்டர்களும் என் பொறுப்பு.

புதிய புக்கிங் சாஃப்ட்வேர் எந்த லாட்ஜிலும் ஏற மறுத்தது. நான் இல்லாதபோது ரிசப்ஷன்காரர்கள் பழையதை முறையாக நீக்காமல், ஃபோல்டரை மட்டும் டெலிட் செய்திருந்தார்கள். போர்டைக் கழற்றினால் கடை காலி என்ற நினைப்பு. எது எங்கே இருக்கிறதென்று கம்ப்யூட்டர் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில், பழையது இன்னும் இருப்பதாகவே பதிவுகள் கிடந்தன.

மேனேஜர் அண்ணாச்சி என் மேஜைக்கு வந்தார்.

"சனிக்கிழமை கூட்டம் வந்திரும்மா. அதுக்குள்ள முடியலைன்னா மதுரைல இருந்து ஆளைக் கூப்பிடுவேன். பொறவு உனக்கு இங்கன என்ன சோலின்னு மொதலாளி கேப்பாரு."

"இன்னைக்கே முடிச்சிருதேன், அண்ணாச்சி."

"அந்தப் பழைய சாஃப்ட்வேர் கம்பெனி பேர்ல கெடக்கதை எல்லாம் ஒரேயடியா அழிச்சிரு."

தென்காசியிலிருந்தே எல்லா லாட்ஜுக்கும் போகும்படி ஒரு கட்டளை எழுதினேன். அனுப்ப மனம் வரவில்லை. கேஸை மூடினேனா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி ஓடுகிறவள் நான். முதலில் ஒரு லாட்ஜின் கம்ப்யூட்டரில் நேரில் பார்த்துவிடலாம் என்று குற்றாலத்துக்கு பஸ் ஏறினேன். மகள் பாட்டிலைத் தொடமாட்டாள்; சாயங்காலத்துக்குள் வீட்டில் இருக்க வேண்டும்.

"ஒரு பட்டன அமுக்கதுக்கா பஸ்ல வந்திய? அருவில குளிக்க வந்தேன்னு சொல்லுங்கக்கா, நம்புதேன்" என்றாள் அந்த லாட்ஜின் ரிசப்ஷன் பெண்.

பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். அந்தக் கம்பெனி பெயருக்குக் கீழே புக்கிங் மட்டுமில்லை, அறைக் கதவுகளின் கார்டு பூட்டும் இருந்தது. கட்டளை போயிருந்தால் ஒரு லாட்ஜிலும் அறைக்கான சாவிக் கார்டு பதிந்து தர முடியாது. மழையில் பெட்டியும் பிள்ளைகளுமாக ஜனங்கள் வராந்தாவில் நின்றிருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துவைத்துவிட்டு, புக்கிங் பதிவுகளை மட்டும் அழித்தேன். புதியது ஏறியது. ஒரு கார்டு போட்டு மாடிக்குப் போய்க் கதவைத் திறந்தேன். பூட்டினேன். மறுபடி திறந்தேன்.

"போதும்க்கா, கதவு தேஞ்சிரும்."

அண்ணாச்சிக்கு போன் செய்தேன். "எல்லாத்தையும் அழிக்கல. கதவுப் பூட்டும் அதே கம்பெனிதான்."

"நான் எல்லாத்தையும்னா சொன்னேன்?"

"ஆமா, அண்ணாச்சி."

"சரி, சரி. உனக்குச் சரின்னு படுததைச் செய்யி."

கட்டளையைத் திருத்தி, வரி வரியாகப் படித்து, அங்கிருந்தே அனுப்பினேன். பிறகு ஒவ்வொரு லாட்ஜையும் கூப்பிட்டு, கார்டு போட்டுக் கதவைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கடைசி லாட்ஜிலிருந்து பதில் வந்தபோது பஸ்ஸில் இருந்தேன்.

"தொறந்துட்டுக்கா."

"நீயே மேல போய்ப் பாத்தியா?"

"கதவுகிட்ட நின்னுதான் பேசுதேன்."

அதன் பிறகுதான் அம்மாவை அழைத்தேன். பின்னால் மகளின் அழுகை கேட்டது. "பஸ் ஏறிட்டேம்மா" என்றேன்.