இடாப்பில் எட்டுக் ‘கோ’

கொட்டாஞ்சேனையில் லவினாவைத் தெரியாத ஆட்டோக்காரன் இல்லை. மூன்று பிள்ளைகளை ஒன்றாகத் தூக்கிக்கொண்டு நான்காவதன் மூக்கைத் துடைப்பவள். அவளுடைய மூன்றாவது கை எங்கே ஒளிந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டில் இருக்கிற நானே தேடிப் பார்த்திருக்கிறேன்.

வாடகை வீட்டின் முன் ஹோலில் பதினான்கு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். உதவிக்குச் சம்பளத்துக்கு ஜெஸீமா. தாய்மாருக்குப் புறக்கோட்டைக் கடைகளிலும் துறைமுகப் பண்டசாலைகளிலும் வேலை. கட்டணத்தில் பாதி அவர்கள் கொடுப்பார்கள், மீதி அரசாங்கம். அரசாங்கம் கொடுக்கிற விதம்தான் விசேஷம்: பிள்ளை வந்த நாளுக்கு மட்டும், அதுவும் இரண்டு மாதம் கழித்து.

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலின் நாள். கடை முதலாளிமாரிடம் வார லீவைச் செவ்வாயிலேயே கேட்டு வாங்கிய தாய்மார் எட்டுப் பேர். அவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வராத பிள்ளைக்கு வரவு இடாப்பில் பெருக்கல் அடையாளம் போட வேண்டும். கோயிலுக்குப் போன பிள்ளைக்குப் பிழை போடுவதா? லவினாவுக்கு மனம் வரவில்லை. கோயில் என்பதைச் சுருக்கி, எட்டுப் பெட்டியிலும் ‘கோ’ என்று எழுதினாள். அரசாங்கக் கந்தோரிலிருந்து செவ்வாய்க்கும் முழுக்காசு வந்தது. வெசாக்குக்கும் நத்தாருக்கும் லீவு விடுகிற அரசாங்கம் அந்தோனியாரையும் மதிக்கிறது என்று நினைத்தாள். பத்து மாதம் அப்படியே எழுதினாள்.

பிறகு கடிதம் வந்தது. இடாப்பில் விளங்காத எழுத்துகள் இருக்கின்றன. செவ்வாய் ஒன்பது மணிக்கு உத்தியோகத்தர் வருவார். கூடுதலாகப் பெற்ற காசு அடுத்த கொடுப்பனவில் மொத்தமாக வெட்டப்படும். அப்படி வெட்டினால் வாடகையும் இல்லை, ஜெஸீமாவின் சம்பளமும் இல்லை. வீட்டைப் பூட்ட வேண்டியதுதான்.

அந்தக் கிழமை அவள் குடித்த பிளேன்டீயில் ஒரு கப்பலை மிதக்க விடலாம். சரி, கூட்டிச் சொல்லிவிட்டேன்: ஒரு வள்ளம். சோற்றில் இரண்டு தரம் உப்புப் போட்டாள், கழுவிய கோப்பைகளைத் திரும்பவும் கழுவினாள்.

“வேற இடாப்பு வாங்கி எழுதுவோம் அக்கா. ஆருக்கு வெளங்கப் போகுது?” என்றாள் ஜெஸீமா.

“அந்தோனியாருக்கு விளங்கும்.”

“அவர் கந்தோர்ல வேல செய்றல்லயே!”

லவினா பழைய இடாப்பையே எடுத்து மேசையில் வைத்தாள்.

செவ்வாய் வந்தது. சீனி கேட்கிற சாட்டில் நான் வாசலில் போய் நின்றேன். உத்தியோகத்தர் றேணுகா, களனியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த சிங்களப் பெண். ஹோலில் ஆறு பிள்ளைகள். இடாப்பைத் திறந்தாள், தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

“கோ... கோ... கோ...” நிமிர்ந்து பார்த்தாள். “ஓம், அதுதான் நானும் கேக்கிறது. ளமயி கோ?”

சிங்களத்தில் ‘ளமயி’ என்றால் பிள்ளைகள், ‘கோ’ என்றால் ‘எங்கே’. பத்து மாதமாக லவினா தன் கையாலேயே ‘எங்கே, எங்கே’ என்று எழுதி அரசாங்கத்துக்கு அனுப்பியிருக்கிறாள்! ஜெஸீமா முந்தானையால் வாயைப் பொத்தினாள். லவினா இடாப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

“கோயில் மிஸ். கொச்சிக்கடைக்குப் போனதுகள்.”

“அப்ப வரல்ல. பெருக்கல் இல்லாத பெட்டிய எங்கட ஆக்கள் வந்ததா எண்ணிட்டாங்க.”

“வரேல்லைத்தான் மிஸ். ஆனா எட்டுப் பேர் வராட்டி வீட்டுக்காரர் பாதி வாடகை எடுப்பாரா? ஜெஸீமாவைப் பாதி நாளுக்கு அனுப்பேலுமா? பதினாலு பிள்ளைக்கு இடம் வச்சிருக்கிறன், அந்த இடத்தை வேற ஆருக்கும் குடுக்கேல்லை. இண்டைக்கு நான் வீட்டில இல்லாட்டி, வந்ததுக்கு உங்களுக்கு அரைச் சம்பளமா தருவினம்?”

றேணுகா பேனையை மூடினாள், திறந்தாள். இடாப்பின் ஓரத்தில் அடிமட்டம் வைத்து இரண்டு நிரல் கீறினாள். ஒன்றில் ‘வைத்திருந்த இடம் 14’, மற்றதில் ‘வந்த பிள்ளை 6’. “ரெண்டையும் மேல காட்டுறன். என்ன சொல்லுவாங்க தெரியாது” என்றாள்.

மூன்று கிழமை கழிந்தது. தபால்காரனின் மணி கேட்டாலே லவினா தூக்கிய பிள்ளையோடு வாசலுக்கு ஓடினாள். கடைசியில் றேணுகா போன் எடுத்தாள்.

“பழைய காசு வெட்டல்ல. என்ன எழுதணும் சொல்லிக் குடுக்காதது எங்கட பிழை. ஆனா இனி சரி போடுங்க, இல்லாட்டிப் பெருக்கல். வேற எழுத்து வேணாம்.”

“அந்த ரெண்டு நிரல், மிஸ்?”

“அது இன்னும் மேலதான் இருக்கு.”

அடுத்த செவ்வாய் லவினா எட்டுப் பெருக்கல் போட்டாள். கடைசிப் பெட்டியில் பேனை தாளைக் கிழித்துவிட்டது.

ஜெஸீமா பக்கத்தில் வந்து நின்றாள். “அக்கா, இனிச் செவ்வாய்ல நான் அரை நாள் வாறன். சம்பளமும் அரை நாளைக்குத் தந்தாக் காணும்.”

“ஆறில மூண்டு இன்னும் நடக்காததுகள். ஆர் தூக்கிறது? எனக்கு ரெண்டு கைதானே, ஜெஸீமா.”

அன்றைக்குத்தான் நானும் ஒழுங்காக எண்ணிப் பார்த்தேன். இரண்டுதான்.