முகம் தெரியாத தட்டு

இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஜானில் அண்ணி அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தன் முகத்தைப் பார்ப்பாள். தெரியாவிட்டால் சாம்பலும் கல்லுப்பும் போட்டு மறுபடி தேய்ப்பாள். பிறகுதான் அதில் நாலு ரொட்டியோ ஒரு பிடி உலர்ந்த பழமோ வைப்பாள். எங்கள் நாரின் ஊரில் யாரும் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. பதினோரு வருடமாக இதைப் பார்த்திருக்கிறேன்.

எங்களிடம் மருமகள்கள் கணவன் வீட்டாரின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். வேறு பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள். எனக்கு அண்ணி வைத்த பெயர் 'புத்தகப் பொண்ணு'. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். படித்தது வேதியியல்.

அப்பாவின் ஆண்டு நினைவு விருந்துக்கு ஆட்டிறைச்சி அடைத்த சம்சாவை அடுப்பில் வைத்துச் சுட, பக்கத்து வீட்டு ரக்கியா அக்காவிடம் பெரிய அலுமினியத் தட்டை அண்ணி வாங்கி வந்தாள். அது அக்காவின் இறந்துபோன அம்மாவுடையது. ஆட்டுக் கொழுப்பு வழிந்து, கருகி, மூலைகளில் அப்பிக்கொண்டது. வெள்ளிக்கிழமை அக்கா மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் தட்டு போயாக வேண்டும்.

செவ்வாய் முழுக்கத் தேய்த்து அண்ணியின் விரல் நுனிகள் வெளுத்துவிட்டன.

"விடுங்க அண்ணி. தண்ணில சலவைச் சோடா போட்டுக் கொதிக்க வைங்க. தானா கழண்டுடும்."

"தட்டுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"படிச்சவ சொல்றேன்ல!"

"சரி, உன் பட்டத்தையும் ஒரு நாள் பாத்திரம் கழுவ விட்டுப் பார்ப்போம்," என்று சிரித்தாள்.

நுரை பொங்கியது. கறை போனது. தண்ணீரைக் கொட்டிப் பார்த்தால் தட்டே கருத்திருந்தது.

அலுமினியம் காரத்தோடு வினைபுரியும் என்று தேர்வில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அடுப்புக்கு முன்னால் அது நினைவுக்கே வரவில்லை. அப்படியானால் நான் படித்தது என்ன?

புதன்கிழமை வினிகர் ஊற்றினோம், ஆப்பிள் தோலை வேகவைத்தோம், புளித்த மோரில் ஊறப்போட்டோம். கறுப்பு சாம்பல் நிறமானது. அதற்கு மேல் நகரவில்லை.

வியாழன் காலை ரக்கியா அக்கா வந்தாள்.

"ஏ ஜானில், தட்டை உங்க வீட்டுக்குக் கட்டிக் குடுத்துட்டேன்னு நெனச்சியா? பொறந்த வீட்டுக்கு வரவே மாட்டேங்குதே!"

அண்ணி தட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா தடவிப் பார்த்தாள். விரலில் கரி ஒட்டியது. சிரிப்பு போய்விட்டது.

"எங்கம்மா முப்பது வருஷம் வெச்சிருந்தா. என்னத்தப் போட்ட?"

"சோடாக்கா. என் புத்தி கெட்ட வேலை."

"படிச்ச பொண்ணு ஒருத்தி வீட்டுலயே இருக்கா. அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

கதவோரம்தான் நின்றிருந்தேன்.

"கேக்கத் தோணலக்கா," என்றாள் அண்ணி.

"இதுல பலகாரம் வெச்சு சம்பந்தி முன்னால நிக்க முடியுமா? முகம் தெரியுறப்போ கொண்டு வா. வாங்கினவ நீ, உன் கையாலதான் வாங்கிப்பேன்."

தட்டை வைத்துவிட்டு அக்கா போனதும், "நான் போய்ச் சொல்லிடறேன் அண்ணி," என்றேன்.

"சும்மா இரு. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல வேலை கேட்டுப் போற. ஊரே இந்தத் தட்டைப் பத்திப் பேசணுமா? நான் மருமக, எனக்குப் பழக்கம்தான்."

சும்மா இருந்தேன். அவள் சொன்னதாலா, அது எனக்கு வசதியாக இருந்ததாலா என்று இன்றுவரை தெரியவில்லை.

மார்ச்சில் அண்ணி, மாஸ்கோவில் வேலை பார்க்கும் அண்ணனோடு இருக்கப் போனாள். கிளம்பும் காலையிலும் தட்டில் ஆப்பிள் தோல் வெந்துகொண்டிருந்தது. அங்கே ஒரு பேக்கரியில் தட்டுகள் கழுவுகிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசுவாள்.

"புத்தகப் பொண்ணு, முகம் தெரியுதா?"

"மூக்கு தெரியுது அண்ணி."

"கண்ணும் தெரியட்டும். நான் வந்து போர்சோக் ரொட்டி பொரிச்சு, தட்டு நெறையக் கொண்டுபோய்க் குடுக்கறேன்."

ரக்கியா அக்காவின் மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. விருந்துக்கான சம்சாவை வேறு யார் தட்டிலோ சுட்டார்கள். எனக்குப் பள்ளியில் வேலை கிடைத்தது, வேதியியல்தான். அக்கா எதிரே வந்தால் நலம் விசாரிக்கிறேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்வதில்லை. அண்ணி திருப்பித் தர வேண்டிய தட்டு எங்கள் சமையலறைச் சுவரில் வெறுமையாகத் தொங்குகிறது.