பேராலயத்துக்கு ஒரு லோடு

இங்கிலாந்தில் ஒரு பழைய பேராலயத்தை ஒரே நாளில் பார்த்துவிட்டு வர, நாரணாபுரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு மாதம் திட்டம் போட்டோம். அதைக் கட்டியவர்கள்கூட அவ்வளவு யோசித்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

மகள் அங்கே நர்ஸ். போய் மூன்று வருஷமாகிறது. நாங்கள் போய் இருக்கப்போகிற பத்து நாளில் அவளுக்கு முழுசாகக் கிடைத்த லீவு ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் அவளோடு அந்தப் பேராலயத்துக்குள் போக வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதில் பக்தி பாதி, பெருமை பாதி. மகள் ஞாயிறு தவறாமல் அங்கேதான் போகிறாள் என்று எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னவள் நான். அவள் அப்படிச் சொன்னாளா என்று கேட்காதீர்கள். பேராலயம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றுதான் சொன்னாள். முப்பது வருஷம் டீச்சராக இருந்தவளுக்குக் கோடிட்ட இடத்தை நிரப்பத் தெரியாதா? நானே நிரப்பிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரருக்குப் பட்டாசுக் கம்பெனியில் லோடு அனுப்புகிற வேலை. தீபாவளி முடிந்து கம்பெனி மூடிக் கிடக்கும் மாதம் என்பதால் கிளம்பத் தடையில்லை. ஆனால் அவர் எதைத் திட்டமிட்டாலும் லாரி கிளப்புவது போலத்தான். டைரியை எடுத்து எழுதினார்: காலை நாலு மணிக்குக் குளியல், நாலரைக்கு ஜெபம், ஐந்துக்குக் கிளம்புதல், ஆறுக்குள் முன்வரிசையில் துண்டு போட்டு இடம் பிடித்தல். ஆலயமே பத்து மணிக்குத்தான் திறக்கும் என்றாள் மகள். அப்படியென்றால் கூட்டத்துக்கு முன்னால் வாசலில் நின்றுவிடலாம் என்று அவருக்கு அதிலும் சந்தோஷம். அந்த மாதக் குளிரைப் பற்றி அவள் எச்சரித்தபோது, கொடைக்கானலைப் பார்க்காத ஆளா நான் என்று கேட்டார். அவர் கொடைக்கானல் போனது மே மாதத்தில்.

அடுத்து, மதியம் அசனம் உண்டா என்று விசாரிக்கச் சொன்னார். எங்கள் பக்கம் பெரிய கோயில் பண்டிகைக்குப் போனால், பந்தியில் உட்கார்ந்து சோறும் கறியும் சாப்பிடாமல் யாரும் திரும்புவதில்லை. அசனமெல்லாம் கிடையாது, உள்ளேயே ஒரு காபிக் கடை இருக்கிறது என்று பதில் வந்தது. அவ்வளவு பழைய சபையில் ஓர் அண்டா வாங்கித்தர ஆளில்லையா என்று எங்கள் சபைப் பெரியவர்கள் வருத்தப்பட்டார்கள். உள்ளே போக டிக்கெட் என்று தெரிந்ததும் வருத்தம் கோபமாக மாறியது. நமக்குச் சுவிசேஷம் கொண்டுவந்தவர்கள் வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிறார்களா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டுப் பெண்தான் என்னைத் தேற்றினாள்.

“எங்க கோயில்லயும் சிறப்பு தரிசனம் இருக்குல்ல டீச்சர். எல்லாச் சாமிக்கும் பொழப்பு ஓடணும்ல.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை அறிவிப்பில் எங்கள் சபைப் போதகர் அய்யர் எங்கள் பயணத்தை வாசித்துவிட்டார். அன்றிலிருந்து ஆர்டர்கள் குவிந்தன. பெண்கள் ஐக்கியத்துக்கு அங்கே பீடத்தில் விரிக்கும் துணியின் நீள அகலம் வேண்டும். பாடகர் குழுத் தலைவருக்கு ஆர்கன் வாசிப்பு முழுசாகப் பதிவாகி வர வேண்டும். ஆமத்தூர் நாத்தனாருக்கு, தன் மகள் கல்யாணத்துக்காக நாங்கள் அங்கே முழங்கால்படியிட்டு ஜெபிக்க வேண்டும். உட்கார்ந்தபடி ஜெபித்தால் செல்லாதாம். அத்தனையையும் வீட்டுக்காரர் அதே டைரிப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டார்.

வீட்டுக்காரருக்கு வேறு கவலை. பிஷப்பைப் பார்க்க நேர்ந்தால் என்ன கொடுப்பது? எங்கள் ஊரில் பெரிய ஆளைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போவதில்லை, பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் முன்னால் போகும். விமானத்தில் பட்டாசு ஏற்ற விடமாட்டார்கள் என்பதை, காலமெல்லாம் பட்டாசு லோடு அனுப்பிய மனுஷனுக்கு நான் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருந்தது. கம்பி மத்தாப்பாவது கொண்டுபோகலாமா என்று கேட்டார்.

டைரிப் பக்கத்தைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினார். இரண்டு நாள் அவளிடமிருந்து பதிலே இல்லை. மூன்றாம் நாள் மதியம் கூப்பிட்டாள். அப்பா வீட்டில் இருக்கிறாரா என்றுதான் முதலில் கேட்டாள். இல்லை என்றேன்.

“அம்மா, நான் அந்தக் கோயிலுக்குள்ள போனதே இல்லம்மா.”

ஞாயிற்றுக்கிழமை எங்கேதான் போகிறாய் என்றேன். எங்கேயும் போவதில்லை, நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்குகிறேன் என்றாள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்கு முதலில் வந்தது பிள்ளையின் நினைப்பு இல்லை. பெண்கள் ஐக்கியத்தின் முகத்தில் எப்படி முழிப்பது என்ற நினைப்புதான். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு தடவைகூட எட்டிப் பார்க்க முடியவில்லையா என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அப்புறம்தான் அவள் காரணத்தைச் சொன்னாள்.

“வார்டுல செத்துப்போறவுகளத் தொடச்சு, துணி மாத்தி விட்டுட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருவேன்மா. நின்னு அழ நேரமிருக்காது. ரூம்லயும் அழ முடியாது, கூட இருக்கிற பிள்ளைக தூங்கிக்கிட்டு இருக்கும். அந்தக் கோயிலுக்குள்ள போயி உக்காந்தா அம்புட்டையும் அழுதிருவேன்னு தெரியும். தனியா அழப் பயமா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் வந்தப்புறம் போவோம்னு வச்சிருக்கேன்.”

மூன்று வருஷமாக வாரம் ஒரு தடவை பேசியும், சாப்பிட்டாயா என்பதைத் தவிர நான் ஒன்றும் கேட்டதில்லை. போனை வைத்த பிறகு நெடுநேரம் அழுதேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து பார்த்தபோது டைரிப் பக்கம் முழுவதையும் குறுக்கே அடித்து வைத்திருந்தேன். துணி அளவையும், ஆர்கனையும், நாத்தனார் மகள் கல்யாணத்தையும் விடவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்று கோபமாகக் கேட்டார்.

“பிள்ளை அழணுமாம்ங்க,” என்றேன். “நாள் பூராவும் அதுக்கு வேணும்.”