கயிறு கட்டியாச்சு

செவ்வாய்க்கிழமை காலை, முதல் ஷிப்ட் தொடங்கிச் சற்று நேரத்தில் கைப்பேசி ஒலித்தது. திரையில் முனிராஜின் பெயர். எடுத்தால் பேசியது அவர் மனைவி ரத்னம்மா.

“சார், அவரு போயிட்டாரு சார். சூளகிரியில கம்பெனி பஸ்ஸுக்கு நின்னுட்டு இருந்தாரு. நெஞ்சைப் புடிச்சிக்கிட்டு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்லை.”

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. இனி யாருக்கும் தெரியப் போவதில்லை என்று ஒரு கணம் எனக்குள் நிம்மதி எழுந்தது மட்டும் நினைவிருக்கிறது. அந்த நிம்மதியின் வெட்கத்தில்தான் இதை உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

ஓசூரில் ஒரே தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகள் இருந்தோம். அவர் டூல் ரூம் ஃபிட்டர், நான் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். வயது கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனாலும் நான் அவருக்கு சார், அவர் எனக்கு வெறும் முனிராஜ். ஞாயிற்றுக்கிழமைகளில் கர்நாடக எல்லை தாண்டிப் போய்ப் பந்தய ட்ராக்கில் கார் ஓட்டும் நம் குழுவுக்கு, ஓட்டத்தைப் படம் பிடிக்கும் கேமராவைக் காருக்குள் மாட்டித் தருவது அவர் வேலை. வேலை என்று நாம்தான் சொன்னோம். அவருக்கு அது ஆசை.

அவர் மாட்டும் முறையை நீங்கள் எல்லோரும் கிண்டல் செய்திருக்கிறீர்கள். முன்சீட்டுகளின் தலைசாய்ப்புக் கம்பிகளுக்குக் குறுக்கே, தானே கடைந்த ஒரு இரும்புத் தண்டு. அதிர்வு தாங்க, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருப்பார். அதன் நடுவில் கேமரா. பிறகு கேமராவைத் தண்டோடு பிணைக்க, கொக்கி வைத்த ஒரு குட்டைக் கயிறு. பிரேக் போட்டால் எதுவும் முன்னால்தான் பறக்கும். கேமரா கழன்றாலும் கைப்பிரேக்கைத் தாண்டக் கூடாது என்று அளந்து வெட்டிய கயிறு அது. “மாட்டி இருக்கிற வரைக்கும் அது கண்ணு சார். கழண்டுச்சின்னா கல்லு” என்பார்.

கடைசியில் தண்டை முஷ்டியால் மூன்று முறை குத்துவார். பிறகு கேமராவுக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், கார் நம்பரையும் தான் செய்ததையும் ஒப்பிப்பார். யாருக்குச் சொல்கிறீர்கள் என்று ஒருமுறை சிரித்தேன். “ஆளு மறந்துடுவான் சார். இது மறக்காது” என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன், என் கார் மோதிய அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். அவர் மாட்டும் இடத்திலிருந்து பாதையும் ஸ்டியரிங்கைப் பிடித்த என் கையும் தெரியும், முகம் தெரியாது. எனக்கு என் முகம் வேண்டியிருந்தது. ஹெல்மெட்டோடு வளைவில் திரும்பும் என்னை உறவுக்காரர்களுக்கு அனுப்ப வேண்டும் என்ற அற்ப ஆசை. கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் பிடிப்பு ஒன்றை வாங்கிப் பையில் வைத்திருந்தேன். முனிராஜ் அடுத்த காருக்கு நகர்ந்ததும் கேமராவைக் கழற்றி முன்கண்ணாடியில் ஒட்டப் போனேன். கயிறு அவ்வளவு தூரம் எட்டவில்லை. கொக்கியை எடுத்துவிட்டு ஒட்டினேன்.

மூன்றாவது சுற்றில் இடது வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தினேன். வெயிலில் சூடேறிய கண்ணாடி பிடிப்பை விட்டுவிட்டது. கேமரா விழுந்து பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது. மறுபடி மிதித்தேன், பெடல் இறங்கவில்லை. கார் பாதையை விட்டு டயர் அடுக்கில் மோதியது. அங்கே சைகைக் கொடியோடு நின்ற ட்ராக் ஊழியர் தாவித் தப்பினார்.

முதலில் ஓடி வந்தவர் முனிராஜ். கதவைத் திறந்து, என் காலடியிலிருந்து கேமராவை எடுத்தார். அதில் ஒட்டிக்கொண்டிருந்த ரப்பர் பிடிப்பைப் பார்த்தார். அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ட்ராக் பொறுப்பாளர் வந்து, கேமரா மாட்டியது யார் என்று கத்தினார்.

“நாந்தாங்க. கயிறு கட்ட மறந்துட்டேன்.”

படத்தைக் காட்டச் சொன்னார்கள். கேமராவின் மெமரி கார்டு கெட்டுப்போய்விட்டது என்றார் முனிராஜ். நான் புல்லில் உட்கார்ந்து விலாவைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. இனி இந்த ஆள் உள்ளே வரக் கூடாது என்று அங்கேயே முடிவானது. திரும்பும் வழியில் ஏன் என்று கேட்டேன். “ஓட்டறவரு மேல தப்புன்னா உங்களுக்கு ட்ராக்கே கிடையாது சார். நான் மாட்டறவன். எங்க நின்னு வேணா மாட்டுவேன்” என்றார்.

அப்படித்தான் மாட்டினார். சனிக்கிழமைகளில் சூளகிரியில் தன் வீட்டு வாசலில் நம் கார்களுக்கு மாட்டித் தந்தார். ஞாயிறன்று பஸ் பிடித்து வந்து, டிபன் டப்பாவோடு கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தார். இரண்டு வருடம். ஒவ்வொரு சுற்றிலும் அந்த வேலியைக் கடக்கும்போது நான் வேறு பக்கம் பார்த்தேன். “மறதி முனிராஜ்” என்று நீங்கள் கூப்பிட்டபோது நானும் சிரித்தேன்.

ஒரே ஒருமுறை, தண்டை முடுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னார்: “வீடியோல உங்க முகம் ஒண்ணும் அவ்ளோ நல்லா வரலை சார்.” சொல்லிவிட்டு அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார். அவர் அதைப் பார்த்திருக்கிறார். கார்டு கெடவில்லை.

காரியம் முடிந்த அன்று ரத்னம்மா அவருடைய மூக்குக்கண்ணாடிக் கூட்டைத் திறந்து, துணியில் சுற்றிய அந்தக் கார்டை என் கையில் வைத்தார். “உங்களோடதாம் சார். குடுத்துடணும் குடுத்துடணும்னு சொல்லிட்டே இருந்தாரு.”

போட்டுப் பார்த்தேன். முனிராஜின் முகம் திரையை அடைத்துக்கொண்டு வருகிறது. “ஏழாம் நம்பர். மூணு குத்து குத்தியாச்சு. கயிறு கட்டியாச்சு. சார், போலாம்.” முகம் விலகுகிறது. பிறகு என் கை வருகிறது. கொக்கியைக் கழற்றுகிறது. அதன்பின் என் முகம், அசட்டுச் சிரிப்போடு. பிறகு இருட்டு, என் ஷூவின் அடிப்பாகம், ஒரு சத்தம். அதற்குப் பின் அவர் குரல்: “சார், காலை அசைங்க சார். அசையுதா?”

அந்தப் படத்தை இதோடு உங்கள் எல்லோருக்கும் அனுப்புகிறேன். ட்ராக் பொறுப்பாளருக்கும் ரத்னம்மாவுக்கும் அனுப்பிவிட்டேன். இதைச் செய்ய இரண்டு வருடம் இருந்தது எனக்கு. அவர் வேலிக்கு வெளியே நின்ற ஒவ்வொரு ஞாயிறும் இருந்தது.

அந்தக் குட்டைக் கயிறு இன்னும் என் காரில் தொங்குகிறது. அதைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். நெடுஞ்சாலையில் சூளகிரி பக்கம் பிரேக்கில் கால் வைக்கும்போதெல்லாம் பின்னாலிருந்து மூன்று குத்து கேட்கிறது. திரும்பிப் பார்க்கும் தைரியம் வரவில்லை.

முனிராஜ் மறக்கவில்லை. கட்டியிருந்தார். அவிழ்த்தது நான்.