டொமிசைல் எடுத்தாச்சா?

போன வாரம் அரசாங்க ஆபீஸ் ஒன்றில், நாலு பேர் பார்க்க, என் வீட்டுக்காரரைக் கையில் கிள்ளினேன். லேசாக இல்லை... நன்றாகவே!

எல்லாம் ஓர் இங்கிலீஷ் வார்த்தையால் வந்த வினை. டொமிசைல்.

அகராதியில் பார்த்தால் கோட்டு போட்ட வக்கீல் மாதிரி விறைப்பாக நிற்கிறது. ‘நிரந்தரமாக வாழும் எண்ணத்தோடு ஒருவர் குடியிருக்கும் இடம்.’ வெறுமனே குடியிருந்தால் போதாதாம். எண்ணமும் வேண்டுமாம்!

ஆனால் புனேயில் மே, ஜூன் வந்தால் இந்த வார்த்தை காய்கறி விற்கும் அம்மா வாயில்கூடப் புரளும். பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீடென்றால், “டொமிசைல் காட்லா கா?” என்றுதான் குசலமே விசாரிப்பார்கள். டொமிசைல் எடுத்தாச்சா? பரணிலிருந்து அண்டா எடுப்பது போல அவ்வளவு சாதாரணமாக!

இந்த மாநிலத்துக்காரர்தான் என்று சர்க்கார் தரும் சான்றிதழ் அது. அது இல்லாவிட்டால் காலேஜில் மாநில ஒதுக்கீட்டு இடம் கிடையாது. என் மகள் காவ்யாவுக்கு ஆர்க்கிடெக்சர் படிக்க ஆசை. மார்க் இருக்கிறது. இடமும் ஏறக்குறைய கையில் இருக்கிறது. சான்றிதழ் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். நாங்கள் கவுன்ட்டரில் போய் நின்றது செவ்வாய்க்கிழமை.

கவுன்ட்டர் மேடம் நல்ல மாதிரி. காகிதங்களைப் புரட்டிக்கொண்டே சும்மா பேச்சுக்கு, “உங்க ஊர் எது?” என்று மராத்தியில் கேட்டார்.

புனே என்று சொல்ல வேண்டாமா? இவர் நெஞ்சை நிமிர்த்தி, “கோவில்பட்டி!” என்றார்.

அங்கேதான் கிள்ளினேன்.

மேடம் புரட்டுவதை நிறுத்திவிட்டுப் படிக்க ஆரம்பித்தார். ரேஷன் கார்டு, கோவில்பட்டி. வாக்காளர் அட்டை, கோவில்பட்டி. பாஸ்புக்கும் அங்கேதான். கேஸ்? இங்கே எரிவது ஹவுஸ் ஓனர் பேரில் உள்ள சிலிண்டர். எங்கள் கனெக்‌ஷன் ஊரில் பத்திரமாக இருக்கிறது. மகள் பிறந்தது சாத்தூரில். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே? மூன்றாம் மாதமே கைக்குழந்தையோடு இங்கே புனே போபோடிக்கு வந்துவிட்டேன் என்பதை அந்தப் பிறப்புச் சான்றிதழ் எங்கே சொல்லப் போகிறது?

“ஸ்கூல் சேர்ந்ததிலிருந்து ஆதாரம் இருக்கு. அதுக்கு முன்னாடி பொண்ணு இங்க இருந்ததுக்கு? பதினஞ்சு வருஷம் கணக்கு வரணுமே” என்றார் மேடம்.

இந்தப் பதினேழு வருஷமாக எதை மாற்றச் சொன்னாலும் இவர் பதில் ஒன்றுதான். “எதுக்கு மாத்தணும்ங்கேன்? நாம என்ன இங்கயேவா இருக்கப் போறோம்? இன்னும் ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிர மாட்டோமா?” அந்த இரண்டு வருஷம் மட்டும் முடிந்தபாடில்லை.

முதல் ஆறு வருஷம் இவர் வேலை பார்த்த ஆகுர்டி கம்பெனியை மூடியே பல வருஷம் ஆகிறது. பழைய வாடகை அக்ரிமென்ட்டும் தடுப்பூசி அட்டையும் ஒரு பையில் இருந்தன. ஒரு தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, அந்தப் பை பழைய பேப்பரோடு, அதை எடைக்கு வாங்கும் ரத்திவாலாவிடம் போய்விட்டது. யார் போட்டது என்று இவருக்கு இன்றுவரை தெரியாது. இந்தப் பத்தியை இவர் படிப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்... நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் காவ்யா அழுதுவிட்டாள். “அரே அப்பா! நான் இங்கதான் வளந்தேன் நா? கோவில்பட்டில எனக்கு ஒரு ஃப்ரெண்டுகூட இல்ல. அங்கயும் நான் புனேக்காரி, இங்கயும் வெளியாளா?”

இவர் காகிதங்களை எல்லாம் தரையில் பரப்பி, முதலிலிருந்து தேட ஆரம்பித்தார்.

மிச்சமிருந்தது ஒரே வழி. எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு சொசைட்டியின் செக்ரட்டரி தேஷ்பாண்டே காகா. காகா என்றால் இங்கே பெரியப்பா, சித்தப்பா மாதிரி. நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அவர்தான் செக்ரட்டரி. ஆனால் அவருக்கும் இவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

“அந்தாளு வாசல்லயா? செத்தாலும் போக மாட்டேன்” என்றார் இவர். சரி, நீங்கள் உயிரோடு இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டு, நானும் மகளும் மாடி ஏறினோம்.

காகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அலமாரியைத் திறந்து, நாடா கட்டிய தடித்த ஃபைல் ஒன்றை மேஜையில் பொத்தென்று வைத்தார். மேலே இவர் பெயர். உள்ளே எல்லாம் இவர் எழுதிய புகார்க் கடிதங்கள்!

தண்ணீர் வரவில்லை. மொட்டைமாடிக்கு ஏன் பூட்டு? லிஃப்டில் விசிறி ஓடவில்லை. கேட் பக்கத்தில் வேப்பமரக் கிளையை யார் வெட்டியது? வருஷத்துக்கு நாலு தப்பவில்லை. ஒவ்வொன்றிலும் தேதி, ஃபிளாட் நம்பர், கையெழுத்து. பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாய் சொசைட்டியின் வட்ட முத்திரை. முதல் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ‘கீழே டோல் மேளம் அடித்துப் பழகுவதால், நான்கு மாதமே ஆன என் பெண் குழந்தை தூங்க முடியாமல் தவிக்கிறாள். உடனே நிறுத்த ஆவன செய்யவும்.’

காவ்யா அதை இரண்டு தடவை படித்தாள். “அம்மா, இது நான்!” என்றாள்.

“வஹினி,” என்றார் காகா, அண்ணி என்கிற மரியாதையோடு. “கிளம்பிப் போகப்போற ஆளு தண்ணிக் குழாய மாத்துன்னு சண்டை போடுவானா? வாடகைக்கு இருக்கறவங்க யாரும் இவ்வளவு எழுதினதில்ல. சொந்த வீட்டுக்காரங்களே எழுதினதில்ல.” தன் பங்குக்கு ஒரு சான்றுக் கடிதமும் எழுதி, ஓங்கி முத்திரை குத்திக் கொடுத்தார்.

புதன்கிழமை கவுன்ட்டர் மேடம் அந்த ஃபைலை ஒன்று விடாமல் படித்தார். பக்கத்து சீட்டு மேடத்தையும் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் சிரித்து முடித்த பிறகு விண்ணப்பம் உள்ளே போனது. வெள்ளிக்கிழமை காலையில் சான்றிதழ் வந்தது. மத்தியானம் காலேஜில் இடம் உறுதியானது. அன்று சாயங்காலம் இவரே ஒரு டப்பா பேடாவோடு மாடி ஏறிப் போனார். இறங்கி வர ஒன்றரை மணி நேரம் ஆனது. என்ன பேசினார்களோ, கேட்டால் சொல்லவில்லை.

இரவு சாப்பிட்டுவிட்டு அந்தச் சான்றிதழை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன இருந்தாலும் நமக்குக் கோவில்பட்டிதான்ட்டி ஊரு” என்றார்.

இருக்கட்டுமே. ஆனால் கோவில்பட்டியில் தண்ணீர் வராதபோது, இவர் ஒரு கடுதாசிகூட எழுதியதில்லை!